மாத்திரை முகப்பைத் தாண்டி உள்ளே போகிறதா? செயலாக்க ஆராய்ச்சிக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

என் வேலை என்னவென்று எங்கள் வீட்டில் யாருக்கும் இன்றுவரை சரியாகச் சொல்லத் தெரியாது. யாராவது கேட்டால் "சுகாதாரத்துல என்னமோ ஆராய்ச்சி, கம்ப்யூட்டரும் உண்டு" என்று அப்பச்சி முடித்துவிடுவார். காரைக்குடியில் நர்சிங் முடித்த ஒரு பெண் நேரிலேயே கேட்டுவிட்டாள்: "அக்கா, நீங்க டாக்டரும் இல்ல, ஐ.டி.யும் இல்ல. அப்பறம் எதுக்குச் சம்பளம் தர்றாங்க?" நியாயமான கேள்வி. அவளிடம் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நர்சிங், பார்மசி, பல் மருத்துவம், சமூகப்பணி, புள்ளியியல், கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று எதைப் படித்துவிட்டு வந்தாலும் இந்தத் துறைக்குள் நுழைய ஒரு வாசல் இருக்கிறது. தேவகோட்டையிலிருந்தோ திருப்பத்தூரிலிருந்தோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர்களை மனதில் வைத்து எழுதியது இது.

வேலை இன்னதென்று

1971-ல் வங்கதேசப் போர் நேரம். எல்லையோரம் பன்காவ் அகதி முகாமில் காலரா. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை டிரம்மில் நிரப்பிவைத்து, நோயாளியின் சொந்தக்காரர்களையே ஊற்றிக் கொடுக்கச் சொன்னார். 30 சதவீதம் வரை போயிருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. மலிவான மருந்து, எளிய செய்முறை, கண்ணால் கண்ட பலன். அரை நூற்றாண்டு கழித்து எடுத்த 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகளில், அதே கரைசலின் பாக்கெட்டான ஓ.ஆர்.எஸ். கிடைத்தது சுமார் 61 சதவீதத்துக்குத்தான். மிச்சக் குழந்தைகளுக்கு என்ன ஆனது? பாக்கெட் துணை சுகாதார நிலையத்தில் இல்லையா? இருந்தும் கொடுக்கவில்லையா? கொடுத்தும் "பேதி நிக்க ஒரு ஊசி போட்டுவிடுங்க" என்று தனியார் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்களா? இதை முறையாகக் கேட்டு, அடைபட்ட இடத்தைக் கண்டுபிடித்து, சரிசெய்து பார்த்து, சரிசெய்தது நிலைத்து நிற்கிறதா என்று அளப்பதற்குப் பெயர் இம்ப்ளிமென்டேஷன் சயின்ஸ். தமிழில் செயலாக்க அறிவியல்.

நம் ஊருக்கு வருவோம். 2020-ல் தமிழ்நாட்டில் நடந்த ஸ்டெப்ஸ் என்ற தொற்றா நோய்க் கணக்கெடுப்பின்படி, பி.பி. உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தது 7.3 சதவீதம் பேருக்கு. சர்க்கரை உள்ளவர்களில் 10.8 சதவீதம் பேருக்கு. இரண்டுக்கும் அரசு நிலையங்களில் மாத்திரை இலவசம். அதற்கு அடுத்த ஆண்டு, 2021 ஆகஸ்ட் 5-ல், கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. மாத்திரை வீடு தேடி வர ஆரம்பித்தது. சரி, வாசலுக்கு வந்துவிட்டது. முகப்பு, வளவு, பட்டாலை எல்லாம் தாண்டி, உள்கட்டில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஆச்சியின் வாய்க்குள் தினமும் போகிறதா? நம் வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இந்தத் துறையில் எல்லாருடைய முதல் ஸ்லைடிலும் ஒரு கணக்கு வரும்: ஆராய்ச்சியில் கண்டதில் 14 சதவீதம் நடைமுறைக்கு வர சராசரியாக 17 ஆண்டு ஆகிறது என்பது. 2000-ல் பாலாஸ், போரன் என்ற இருவர் போட்ட கணக்கு. தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் ஸ்லைடில் போடாதீர்கள். கேட்டுக் கேட்டு எல்லாருக்கும் காது புளித்துவிட்டது.

படி 1: ஒரு மாதம் நர்சம்மா பின்னால் நடங்கள்

லேப்டாப் வேண்டாம். குடை, தண்ணீர் பாட்டில், கோடு போட்ட ஒரு நோட்டு போதும். கிராம சுகாதார செவிலியர் ஒருவரிடம் பேசி, மேலதிகாரியிடம் வாய்மொழியாகவாவது அனுமதி வாங்கிக்கொண்டு, கூடப் போங்கள். துணை சுகாதார நிலையம் ஒன்றுக்குச் சுமார் 5,000 பேர் என்பது கணக்கு. அந்த 5,000 பேரில் யார் வீட்டு நாய் கடிக்கும் என்பதுவரை அவருக்குத் தெரியும்.

நான் இப்படி நடந்தபோது பார்த்த இரண்டு காட்சிகள் இன்றைக்கும் என் ஆராய்ச்சிக்குச் சோறு போடுகின்றன.

ஒன்று, பூக்கல் பட்டறை. நம் பக்கத்துத் தரை ஓடு எப்படிச் செய்வார்கள் என்று பார்த்திருப்பீர்கள். கண்ணாடிப் பலகைமேல் அச்சை வைத்து, சாயம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்ற வேண்டும். ஊற்றிவிட்டால் நிறுத்த முடியாது. மேலே உலர்கலவை, அதற்கும் மேலே சாந்து என்று கையோடு கையாக முடித்தாக வேண்டும். ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவருக்கு பி.பி. அளக்கப் போனோம். முழங்கை வரை சிமெண்டு. "கழுவிட்டு வர்றேம்மா, இந்த ஒரு கல்லை முடிச்சுக்கிறேன்" என்றார். ஒரு கல் ஆறு கல் ஆனது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஏன் போவதில்லை என்று கேட்டேன். "காலைல தான பாக்குறாங்க. காலைல போனா அன்னிக்குக் கூலி போச்சு." கேள்வித்தாளில் இதற்கு 'விழிப்புணர்வு இல்லை' என்று ஒரு கட்டம் வைத்திருந்தோம். அவருக்கு விழிப்புணர்வு எல்லாம் நன்றாகவே இருந்தது.

இன்னொன்று, ஒரு பெரிய வீடு. எத்தனை அறை என்று எண்ண முடியாது. ஆச்சி புழங்குவது ஒரே அறையில். பி.பி., சர்க்கரை இரண்டும் உண்டு. அப்போது எங்கள் ஆய்வில் மாத்திரையை நினைவூட்டிக் குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டிருந்தோம். "மெசேஜ் வருதா ஆச்சி?" என்றேன். "எனக்கேது ஆத்தா போனு? அது தம்பி நம்பர்ல கொடுத்தது" என்றார். தம்பி என்பது மகன், இருப்பது சிங்கப்பூரில். மாதக்கணக்காக, காலை எட்டு மணிக்கு நாங்கள் அனுப்பிய "உங்கள் பி.பி. மாத்திரையைச் சாப்பிட்டீர்களா?" என்ற செய்தி, அங்கே பத்தரை மணிக்கு ஆபீசில் இருக்கும் ஒரு மனிதரின் சட்டைப்பையில் போய் ஒலித்திருக்கிறது. எங்கள் கணக்கில் அது '100 சதவீதம் சென்று சேர்ந்தது'.

இன்னும் ஒன்று. அரசு கொடுத்த பதிவேடுகள் போக, ஒவ்வொரு நர்சம்மாவிடமும் சொந்தமாக ஒரு நோட்டு இருக்கும். காலண்டர் அட்டை போட்டு, ரப்பர் பேண்டு சுற்றியிருக்கும். நம்பிக்கை வந்த பிறகு அதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அதற்கு முன்னால் கேட்காதீர்கள்.

படி 2: கேள்வியைச் சின்னதாக்குங்கள்

நடந்து முடித்ததும் தலைக்குள் நூறு பிரச்சினை ஓடும். ஒன்றை எடுங்கள். "செட்டிநாட்டில் முதியோரின் உடல்நலம்" என்பது கேள்வியே கிடையாது. "தினக்கூலிக்குப் போகிற, பி.பி. உள்ள ஆண்களுக்கு மாலை நேரத்தில் பட்டறையிலேயே மாத்திரை கொடுத்தால், ஆறு மாதம் தொடர்ந்து வாங்குகிறார்களா? அதை இருக்கிற ஆட்களை வைத்தே செய்ய முடியுமா?" என்பது கேள்வி.

கேள்வியை ஒழுங்குபடுத்த இந்தத் துறையில் சட்டகங்கள் (ஃப்ரேம்வொர்க்) ஏராளம். புதிதாக வருகிறவர்கள் சறுக்கும் இடமும் இதுதான். ஸ்டாம்பு சேர்ப்பதுபோலச் சேர்க்க ஆரம்பித்துவிடுவார்கள். ஒன்றைக் கையில் பிடித்தால் போதும். 1999-ல் ரஸ்ஸல் கிளாஸ்கோவும் உடனிருந்தவர்களும் கொண்டுவந்த ரீ-எய்ம் நல்ல தொடக்கம். ஐந்து தலைப்பு. யாரை எட்டியது, என்ன பலன் தந்தது, எத்தனை நிலையங்களும் ஊழியர்களும் கையில் எடுத்தார்கள், சொன்னபடி செய்தார்களா, திட்டக்காசு தீர்ந்த பிறகும் நிற்கிறதா. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் இதை ஐந்தொகை (கடையின் இருப்புநிலைக் கணக்கு) என்றுதான் சொல்லிக்கொடுப்பேன். பர்மாவில் கடை வைத்திருந்த காலத்தில் லாபத்தை மட்டும் எழுதி ஐந்தொகையை முடிக்க எந்த மேலாளாவது விட்டிருப்பாரா? பலனை மட்டும் அளந்துவிட்டு மற்ற நாலையும் விட்டால் கணக்கு நேராகாது.

மேலே சொன்ன பட்டறைக் கேள்வியையே எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரை வாங்கியவர்களுக்கு பி.பி. இறங்கிவிட்டது, பலன் உண்டு. ஆனால் நாலு பட்டறை முதலாளிகளில் ஒருவர்தான் உள்ளே விட்டார் என்றால் மூன்றாவது தலைப்பில் அடி. மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் மாலையில் வர மறுத்து, உங்கள் ஆராய்ச்சி உதவியாளரே கொண்டுபோய்க் கொடுத்தார் என்றால் நாலாவதிலும் ஐந்தாவதிலும் அடி. நீங்கள் ஊரைவிட்டுப் போன மறுநாள் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

'ஏன் நடக்கவில்லை' என்று தோண்டுவதற்கு சி.எஃப்.ஐ.ஆர். என்ற சட்டகம் உதவும். 2009-ல் வந்தது, 2022-ல் புதுப்பித்தார்கள். கொண்டுவந்த புதுமை, வெளிச்சூழல், உள்சூழல், ஆட்கள், செய்த முறை என்று ஐந்து பக்கத்திலிருந்து பார்க்கச் சொல்லும். செயலாக்கம் எப்படி நடந்தது என்று அளக்க 2011-ல் புரொக்டர் குழு வகுத்த எட்டு விளைவுகளையும் ஒருமுறை படித்துவிடுங்கள். பேப்பர் எழுதும்போது திறனாய்வாளர் கட்டாயம் கேட்பார். முதல் வருடத்துக்கு இவ்வளவு போதும்.

படி 3: நம் மொழியில் கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இதை எந்த எம்.பி.எச். (பொதுச் சுகாதார முதுகலை) வகுப்பிலும் சரியாகச் சொல்லிக்கொடுப்பதில்லை என்பது என் மனக்குறை. கேள்வித்தாளை ஆங்கிலத்தில் எழுதி, யாரையோ வைத்து மொழிபெயர்த்து, இன்னொருவரை வைத்துத் திரும்ப ஆங்கிலமாக்கிச் சரிபார்ப்பார்கள். இரண்டு பக்கமும் பொருந்தும். ஆச்சிக்கு மட்டும் புரியாது.

"உங்களுக்கு ரத்தக் கொதிப்பு இருக்கிறதா?" என்று எங்கள் தாளில் இருந்தது. "அதெல்லாம் இல்ல, எனக்கு பிரசர் மட்டும்தான்" என்று பதில் வந்தது. கொதிப்பு என்றால் கோபம், படபடப்பு என்று எடுத்துக்கொண்டார்கள். சிலர் "மருமக வந்ததிலேருந்து கொதிப்புதான்" என்றார்கள். அதையும் 'ஆம்' என்று பதிந்துவைத்தான் எங்கள் பையன். "பி.பி. மாத்திரை சாப்பிடுறீங்களா, அட்டையைக் காட்டுங்க" என்று கேட்டிருந்தால் ஒரு வரியில் முடிந்திருக்கும்.

ஐந்து புள்ளி அளவுகோலும் அப்படித்தான். 'முற்றிலும் ஒப்புக்கொள்கிறேன், ஓரளவு ஒப்புக்கொள்கிறேன்' என்று நீங்கள் அடுக்கிக்கொண்டே போனால், "நீ எது சொன்னாலும் சரிதான் ஆத்தா, காபி குடிக்கிறியா?" என்பார்கள். வீட்டுக்கு வந்த பிள்ளையை மனம் நோக விடக்கூடாது என்ற மரியாதை அது. தரவில் அது 'மிகவும் திருப்தி' என்று உட்கார்ந்துகொள்ளும். ஆகவே கருத்தைக் கேட்காதீர்கள், நடந்ததைக் கேளுங்கள். "நேத்து ராத்திரி மாத்திரை எப்ப போட்டீங்க? எங்க வச்சிருக்கீங்க? எடுத்துக் காட்டுங்க." பிஸ்கெட் டப்பாவிலிருந்து பிரிக்காத மூன்று அட்டை வெளியே வரும்.

ஒரு நேர்காணலை ஒலிப்பதிவு செய்து, வீட்டுக்கு வந்து முழுதும் எழுத்தில் இறக்குங்கள். ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஆறேழு மணி நேரம் பிடிக்கும். முதல் பத்தையாவது நீங்களே செய்யுங்கள். எத்தனை இடத்தில் குறுக்கே விழுந்து பேசியிருக்கிறீர்கள் என்று கேட்கும்போது வெட்கமாக இருக்கும்.

படி 4: கருவிகள்

இதில் நீட்ட ஒன்றுமில்லை. புள்ளிவிவரத்தை அலச ஆர் மொழி இலவசம், படிப்படியாகப் பழகுங்கள். கள விவரம் சேர்க்க கோபோ டூல்பாக்ஸ், ஓ.டி.கே. இரண்டில் ஒன்று, இரண்டும் நெட் இல்லாத இடத்திலும் வேலை செய்யும், சிக்னல் கிடைத்ததும் அனுப்பிக்கொள்ளும். கட்டணமில்லாத பாடம் வேண்டுமென்றால், சென்னை அயப்பாக்கத்தில் இருக்கும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம், என்.பி.டெல் என்ற இணையப் பாடத்தளம் வழியாக நடத்தும் 'ஹெல்த் ரிசர்ச் ஃபண்டமெண்டல்ஸ்' எடுத்துவிடுங்கள். உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்த டி.டி.ஆர். அமைப்பின் செயலாக்க ஆராய்ச்சிக் கையேடும் இணையத்தில் இலவசம். 2006-ல் தொடங்கிய 'இம்ப்ளிமென்டேஷன் சயின்ஸ்' இதழும் காசில்லாமல் படிக்கக் கிடைக்கிறது. வாரம் ஒரு கட்டுரை, முழுசாக.

படி 5: பட்டம்

எம்.பி.எச். தேவையா? நாலு வருடம் ஃபீல்டில் இருந்தவருக்குக் கட்டாயமில்லை. ஆனால் மேலே போக வழி அதுதான். டாக்டர்களுக்கு மட்டுமான படிப்பு என்று நம் பக்கம் இன்னும் நினைக்கிறார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையத்தில் 1997 முதல் எம்.பி.எச். நடக்கிறது, நர்சிங், பல் மருத்துவம், பொறியியல், சமூக அறிவியல் பின்னணிக்காரர்களும் படித்து வெளியே வந்திருக்கிறார்கள். புதுச்சேரி ஜிப்மரிலும் உண்டு. அயப்பாக்கம் நிறுவனத்தின் எம்.பி.எச். தொற்றுநோயியலில் ஊன்றியது, விண்ணப்பிக்கும் முன் அந்த ஆண்டு அறிவிப்பில் தகுதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். தனியார் பல்கலைக்கழகங்கள் நிறைய வந்துவிட்டன. பணம் கட்டும் முன் ஒன்றை மட்டும் விசாரியுங்கள்: மாணவர்களை ஃபீல்டுக்கு எத்தனை வாரம் அனுப்புகிறார்கள்? பதில் மழுப்பலாக வந்தால் அடுத்த இடம் பாருங்கள்.

எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். படித்துக்கொண்டிருப்பவர்கள் ஐ.சி.எம்.ஆரின் குறுகியகால மாணவர் ஆராய்ச்சித் திட்டத்துக்கு எழுதிப் போடுங்கள். 1979 முதல் நடக்கிறது. சிவகங்கை, புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தபடியே செய்யக்கூடிய முதல் ஆராய்ச்சி அது.

பட்டத்தைவிட, யாரிடம் வேலை கற்றுக்கொள்கிறீர்கள் என்பது முக்கியம். அந்தக் காலத்தில் கொண்டுவிற்க, அதாவது கடல்தாண்டி வியாபாரத்துக்கு, போன வீட்டுப் பையன்கள் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, பிறகுதான் மேலாளாக உட்கார்ந்தார்கள். நம் துறையிலும் அப்படித்தான். நல்ல மேலாள் கிடைத்தால் முதல் இரண்டு வருடம் சம்பளத்தைப் பார்க்காதீர்கள் என்று சொல்ல ஆசை. வீட்டு வாடகை கட்ட வேண்டியவர்களிடம் அப்படிச் சொல்ல மாட்டேன்.

படி 6: அனுமதிகள்

இரண்டு அனுமதி வேண்டும், இரண்டும் வேறு வேறு. ஒன்று எத்திக்ஸ் கமிட்டி. ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டு நெறிகளை அச்சடித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விண்ணப்பத்தை எழுதுங்கள். இன்னொன்று துறை அனுமதி: அரசு நிலையத்துக்குள் கால் வைப்பதென்றால் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கும் பொதுச் சுகாதார இயக்ககத்தின் கடிதம், பிறகு மாவட்ட சுகாதார அலுவலரின் சம்மதம். விடியற்காலைப் பல்லவன் ரயிலில் ஏறிப் போய், ஃபைல் எந்த மேசையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு ராத்திரி திரும்புவது இந்தத் தொழிலின் ஒரு பகுதி. சலித்துக்கொள்ளாதீர்கள். வெளிநாட்டுப் பணம் என்றால் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு (ஸ்கிரீனிங் கமிட்டி) ஒப்புதலும் சேரும். ஒரு தலையீட்டை (புதிதாகச் செய்து பார்க்கும் சிகிச்சை, ஏற்பாடு) சோதிக்கும் ஆய்வு என்றால் முதல் ஆளைச் சேர்க்கும் முன் சி.டி.ஆர்.ஐ. என்ற தேசியச் சோதனைப் பதிவேட்டில் பதிவு, கட்டணம் கிடையாது.

கால அட்டவணை போடும்போது ஊர்க் காலண்டரையும் பக்கத்தில் வையுங்கள். தை மாதம் பொங்கல், மஞ்சுவிரட்டு, தைப்பூசப் பாதயாத்திரை. மாசி, பங்குனியில் அம்மன் திருவிழாக்கள். அப்போது வீடு வீடாகப் போனால் பாதி வீடு பூட்டியிருக்கும். வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்திருக்கும் வீட்டில் உங்களுக்குப் பணியாரம் கிடைக்கும், பேட்டி கிடைக்காது.

படி 7: டிஜிட்டல் பக்கம்

ஆளுக்கு ஆள் ஓர் ஆப் செய்ய வேண்டும் என்று வருகிறீர்கள். முதலில் இருப்பதைப் படியுங்கள். கர்ப்பிணிகளைப் பதிவதற்குத் தமிழ்நாட்டில் பிக்மி என்ற இணையப் பதிவேடு. அதில் கிடைக்கும் 12 இலக்கத் தாய்சேய் நல (ஆர்.சி.எச்.) எண்ணைப் பிறப்புப் பதிவு வரை கேட்பார்கள். புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரில் உள்ள 18,000 ரூபாய் மகப்பேறு உதவிக்கும் அந்தப் பதிவுதான் ஆதாரம். நாடு முழுமைக்குமான ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் 2021 செப்டம்பர் 27-ல் தொடங்கியது. அதில் ஆளுக்கொன்றாகத் தரும் ஆபா எண் 14 இலக்கம். ஒரு மருத்துவமனையின் விவரம் இன்னொன்றுக்குப் புரியும்படி அனுப்புவதற்கு ஃபயர் என்ற தரமுறையைப் பின்பற்றுகிறார்கள். கம்ப்யூட்டர் படித்தவர்கள் அதைக் கற்றுக்கொண்டால் வேலைக்குப் பஞ்சமில்லை. ஆஸ்லோ பல்கலைக்கழகத்திலிருந்து வந்த டி.எச்.ஐ.எஸ்.2 மென்பொருளையும் தொட்டுப் பாருங்கள். உலகில் பல நாடுகளின் சுகாதாரக் கணக்கு அதில்தான் ஓடுகிறது.

இனி ஆப் வேலை செய்கிறதா என்ற கேள்வி. மூன்று ஆய்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்வேன். 2013-ல் டாக்டர் அம்பாடி ராமச்சந்திரன் குழு, சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 537 ஆண்களை எடுத்து, பாதிப் பேருக்குக் குறுஞ்செய்தி அனுப்பியது. இரண்டு ஆண்டில் சர்க்கரை வந்தது செய்தி பெற்றவர்களில் 18 சதவீதம், பெறாதவர்களில் 27 சதவீதம். அடுத்தது எம்வெல்கேர், 2019: ஹரியானா, கர்நாடகத்தில் 40 சமுதாய சுகாதார மையங்கள், நர்சு கையில் டேப்லெட், டாக்டருக்கு முடிவெடுக்க உதவும் மென்பொருள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் பி.பி.யிலும் சர்க்கரையிலும் இரு பக்கத்துக்கும் வித்தியாசமில்லை. மூன்றாவது ஸ்மார்ட்ஹெல்த் இந்தியா, ஆந்திராவின் மேற்கு கோதாவரி கிராமங்களில், ஆஷா பணியாளர் கையில் டேப்லெட். அங்கும் பி.பி. இலக்கை எட்டியவர் விகிதத்தில் குறிப்பிடும்படி வேறுபாடில்லை.

சாதாரண குறுஞ்செய்தி ஜெயித்து, பெரிய மென்பொருள் தோற்றது என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். யாருக்கு, எதற்கு என்று பாருங்கள். முதல் ஆய்வில் வேலைக்குப் போகும் ஆண்கள். போன் அவர்கள் கையிலேயே இருக்கிறது. செய்யச் சொன்னது நடையும் சாப்பாடும். எங்கள் ஆச்சியின் சிம் சிங்கப்பூரில் இருந்ததே, அங்கே அதே செய்தி என்ன செய்யும்? எம்வெல்கேரில் இரண்டு பக்கத்திலும் பி.பி. இறங்கியிருந்தது. ஒப்பீட்டுக்கு வைத்த மையங்களிலும் பயிற்சி, சிகிச்சை அட்டவணை எல்லாம் கொடுத்திருந்தார்கள். ஒழுங்கான கவனிப்பு வந்துவிட்ட இடத்தில் டேப்லெட் கூடுதலாக என்ன தரும் என்பதே அங்கே சோதனையானது. என் அபிப்பிராயத்தில், இந்த 'வித்தியாசமில்லை' ஆய்வுகள்தான் புதியவருக்கு அதிகம் கற்றுக்கொடுப்பவை. உலக சுகாதார நிறுவனத்தின் 2019 டிஜிட்டல் வழிகாட்டுதல்களும் பெரும்பாலானவற்றை நிபந்தனை போட்டுத்தான் பரிந்துரைக்கின்றன. அந்த நிபந்தனை வரிகளைப் படியுங்கள்.

ஆப் செய்துதான் தீருவேன் என்றால், எங்கள் கை சுட்டுக்கொண்ட சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். போன் நம்பர் கட்டத்தைக் கட்டாயமாக்காதீர்கள். நாங்கள் கட்டாயமாக்கினோம், நம்பர் இல்லாதவர்களுக்கெல்லாம் ஊழியர் தன் நம்பரையே போட்டுவிட்டார். அடுத்த வாரம் அத்தனை பேருடைய நினைவூட்டலும் அவர் போனில் வரிசையாக வந்து விழுந்தது. பாவம், அதற்கும் அவர்தான் எங்களுக்குச் சமாதானம் சொன்னார். 'யாருடைய போன்?' என்று இன்னொரு கட்டம் வைத்திருந்தால் சிங்கப்பூர் விஷயம் முதல் நாளே தெரிந்திருக்கும். பிறந்த தேதி கேட்டால் பாதிப் பேருக்கு ஜனவரி 1 வரும். ஆதாரைப் பார்த்து வயதை எழுதுங்கள், சந்தேகம் இருந்தால் சந்தேகம் என்று பதிய ஒரு கட்டம் கொடுங்கள். புதிதாக ஒரு பதிவைச் சேர்க்கும்போது பழைய ஒன்றை எடுத்துவிட முடியுமா என்று கேளுங்கள். ஒரே பி.பி. அளவை நோட்டில் ஒருமுறை, பதிவேட்டில் ஒருமுறை, இரண்டு ஆப்பில் இரண்டு முறை எழுதும் ஒருவரிடம் ஐந்தாவதாக உங்களுடையதை நீட்டினால், அவர் சிரித்துக்கொண்டே வாங்கி மேசை டிராயரில் வைப்பார்.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்துவிட்டது. சம்மதப் படிவத்தில் விவரம் எங்கே சேமிக்கப்படும், யார் பார்ப்பார்கள் என்பதை வாசித்துக் காட்டக்கூடிய தமிழில் எழுதுங்கள். சின்ன ஊரில் பெயரை நீக்கிவிட்டால் மட்டும் அடையாளம் மறையாது. 'இந்தத் தெரு, 82 வயது, தனியே வாழும் பெண்' என்று போட்டால் ஊருக்கே தெரியும் அது எந்த வீட்டு ஆச்சி என்று.

படி 8: வேலை, பணம்

தொடக்கப் பதவிகள் பெரும்பாலும் ஒப்பந்தம்தான். திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். ஐ.சி.எம்.ஆர். நிறுவனங்களில் 'ப்ராஜெக்ட் டெக்னிக்கல் சப்போர்ட்', 'ப்ராஜெக்ட் ரிசர்ச் சயின்டிஸ்ட்' என்ற பெயர்களில் அறிவிப்பு வரும். மருத்துவக் கல்லூரிகளின் சமுதாய மருத்துவத் துறைகள், தன்னார்வ அமைப்புகள், மாநிலத் திட்டங்களின் மதிப்பீட்டுக் குழுக்கள் இவையும் ஆள் எடுக்கும். பி.எச்.டி. முடித்து சொந்தமாகக் குழு அமைக்க நினைப்பவர்கள் 2008 முதல் இயங்கும் இந்தியா அலயன்ஸ் என்ற ஆராய்ச்சி நிதி அமைப்பின் பொதுச் சுகாதார ஃபெல்லோஷிப்பை இலக்காக வைக்கலாம்; போட்டி கடுமை.

சேரும்போதே இரண்டை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பயணப்படி எப்போது கிடைக்கும்? கட்டுரையில் உங்கள் பெயர் வருமா? வெயிலில் அலைந்து விவரம் சேர்த்த பிள்ளைகளின் பெயர் கடைசியில் நன்றிக் குறிப்புக்குள் ஒடுங்கிப்போவதை நிறையப் பார்த்துவிட்டேன். பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று: கடைசி பஸ் நேரத்தை வைத்து ஃபீல்டுத் திட்டம் போடுங்கள், ஃபீல்டை வைத்து பஸ்ஸைத் தேடாதீர்கள். மேலதிகாரி முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

படி 9: திரும்பப் போவது

முடிவு வந்ததும், இதழுக்கு அனுப்பும் முன், அதே துணை நிலையத்துக்குப் போங்கள். நான் வரிசையை மாற்றிச் செய்துவிட்டேன். கட்டுரையை அனுப்பிவிட்டுத்தான் போனேன். அட்டவணையைத் தமிழில் ஏ4 தாளில் அச்சடித்து நர்சம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே விரல் வைத்துப் பார்த்தார். தை மாதத்து வரியில் விரல் நின்றது. அந்த மாதம் மாத்திரை வாங்காமல் விட்டவர்கள் அதிகம் என்று காட்டியிருந்தோம், அதற்கு இரண்டு பத்தி விளக்கமும் எழுதியிருந்தோம்.

"இது விட்டுப்போனதில்லம்மா. பழனிக்கு நடந்து போனவங்க. கெளம்புறதுக்கு முன்னாடியே ஒரு மாசத்து மாத்திரையைக் கட்டிக் குடுத்தனுப்பிட்டேன். உங்க ஆப்புல அதுக்குக் கட்டம் இல்ல."

டிராயரைத் திறந்து ரப்பர் பேண்டு சுற்றிய நோட்டை எடுத்தார். பெயர், தெரு, எத்தனை அட்டை, எந்தத் தேதி எல்லாம் இருந்தது. அன்று சாயங்காலமே இதழ் ஆசிரியருக்கு எழுதி, கட்டுரையைத் திரும்ப வாங்கினோம்.